பதிவேடும் அளவுகோலும்: ஐதராபாத்தில் திருநர் வாழ்வும் ஆட்டிசமும்

முன்னுரை

ஒருவர் ஆணா, பெண்ணா, இவ்விரண்டிலும் அடங்காதவரா என்பதை உரைக்கும் உரிமை யாருக்கு உரியது? ஒருவருடைய புலனும் பேச்சும் அறிவும் இயங்கும் முறை இன்னது என்று உரைக்கும் உரிமை யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களுக்கும் எழுத்து வடிவில் தரப்பட்ட இரு விடைகள் ஐதராபாத்-செகந்தராபாத் இரட்டை நகரத்தில் உருவாயின. ஒன்று, நிசாம் ஆட்சியில் பசலி 1329ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ‘அலிகள்’ சட்டம். மற்றொன்று, ஆட்டிசத்தை அளப்பதற்காக 2009ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் உருவான இந்திய அளவுகோல். முன்னது ஒடுக்குமுறைச் சட்டம். பின்னது உதவி வழங்குதற்பொருட்டு எழுந்த மருத்துவக் கருவி. நோக்கத்தால் இவை வேறானவை. ஆயினும், ஒருவரைப் பற்றிய உண்மையை அவரிடமிருந்து பெறாமல் பிறர் பார்வையிலிருந்து பெறும் முறையால் இரண்டும் ஒத்தவை.

திருநராகவும் ஆட்டிசம் உடையவராகவும் ஒருசேர வாழ்வோரின் நிலையை விளங்கிக்கொள்ள இவ்வொப்புமை திறவுகோலாகிறது. அவர்தம் சொல் இருமுறை ஐயுறப்படுகிறது. பாலைப் பற்றி அவர் சொல்வது ஒருமுறை, தம்மை அறியும் ஆற்றல் அவருக்கு உண்டா என்பது மற்றொரு முறை. இவ்விரட்டை ஐயத்தின் வரலாற்றை ஐதராபாத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இதில் ‘திருநர்’ என்பது திருநங்கையர், திருநம்பியர், இருபாலிலும் அடங்காதோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆளப்படுகிறது. ‘அலி’ என்னும் சொல் பழைய சட்டத்தின் பெயரளவிலேயே எடுத்தாளப்படுகிறது.

பசலி 1329: பதிவேட்டின் தோற்றம்

தமிழக நிலவரிக் கணக்குகளின்வழித் தமிழர் நன்கறிந்த பசலி ஆண்டே நிசாம் அரசின் அலுவல் ஆண்டாகவும் இருந்தது. பசலி 1329 என்பது கி.பி. 1919-20 ஆகும். அப்போது ஏழாம் நிசாம் மீர் உஸ்மான் அலி கான் (1911-1948) ஆட்சி நடைபெற்றது. உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. மூசி ஆற்றங்கரையில் எழுந்த உயர்நீதிமன்றக் கட்டடம் 1920இல் திறக்கப்பட்டது. கல்வி, நீதி, சுகாதாரம் ஆகிய துறைகளில் புதுமை நாடிய அரசே இச்சட்டத்தையும் இயற்றியது என்பது கருதத்தக்கது. மக்களை வகைப்படுத்தி எழுதி வைத்தலும் அக்காலத்தில் புதுமையின் ஒரு கூறாகவே எண்ணப்பட்டது.

இச்சட்டத்திற்கு முன்மாதிரி பிரித்தானிய இந்தியாவில் இருந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, திருநங்கையரைப் பதிவு செய்து கண்காணிக்க வழிவகுத்தது. 1911இல் அச்சட்டம் திருத்தியமைக்கப்பட்டபோது இப்பகுதி நீக்கப்பட்டது. பிரித்தானிய அரசு கைவிட்டதை ஐதராபாத் அரசு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் மேற்கொண்டது.

சட்டத்தின் கூறுகள் மூன்று நோக்கத்தக்கன. முதலாவது, பதிவேடு. சிறுவரைக் கடத்துதல், விதையடித்தல், ‘இயற்கைக்கு மாறான’ குற்றம் புரிதல் ஆகியவற்றில் ஐயத்திற்கு உரியோர் எனக் கருதப்பட்டு ஐதராபாத் நகரில் வாழ்ந்தோரின் பெயரும் இருப்பிடமும் அதில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, தோற்றத்தின் மீதான தடை. பதிவு செய்யப்பட்டவர் தெருவிலோ பொதுவிடத்திலோ பெண்ணுடை உடுத்தியோ அணிகலன் பூண்டோ காணப்பட்டாலும், ஆடினாலும், இசைத்தாலும் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மூன்றாவது, வளர்ப்பின் மீதான தடை. பதினாறு வயதிற்குட்பட்ட சிறுவனைத் தம் வீட்டில் வைத்திருத்தலும் தண்டனைக்குரியதாயிற்று.

இவற்றினும் முதன்மையானது சட்டம் தரும் வரையறை. ஆண்மையற்றவராகத் தம்மை ஒப்புக்கொள்பவரும், மருத்துவ ஆய்வில் அவ்வாறு தெளிவாகத் தோன்றுபவரும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர் என்பது அவ்வரையறை. இங்கு ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் சொல் இடம்பெறவே செய்கிறது. ஆனால் குற்றவாளியின் ஒப்புதலாக மட்டுமே இடம்பெறுகிறது. ‘நான் பெண்’ என்னும் கூற்றுக்கு அதில் இடமில்லை. ‘என்னிடம் இக்குறை உண்டு’ என்னும் கூற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒப்புக்கொள்ளாத நிலையில் மருத்துவரின் கண் சான்றாகிறது. பதிவு செய்வதற்குக் காவலரின் ஐயம் போதுமானதாகிறது.

1948இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவானது. சட்டம் அழியவில்லை, ‘ஆந்திரப் பிரதேச (தெலங்கானாப் பகுதி)’ என்னும் முன்னொட்டைப் பெற்று நீடித்தது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் வழக்கில் தீர்ப்பளித்து, தம் பாலைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டு சூன் 2ஆம் நாள் பிறந்த தெலங்கானா மாநிலத்திற்கும் பழைய சட்டம் வழிவழிச் சொத்தாக வந்து சேர்ந்தது. 2018இல் வைஜயந்தி வசந்தா மொக்லி முதலானோர் இதனை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடுத்தனர். 2023ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் தலைமை நீதிபதி உஜ்ஜல் புயான், நீதிபதி சி.வி. பாஸ்கர் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது என்று கூறி அச்சட்டத்தை நீக்கியது. ‘ஆசரா’ ஓய்வூதியத் திட்டத்தின் பயனைத் திருநர்க்கும் வழங்குமாறு பணித்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஏட்டில் இருந்த ஐயம் ஒருவாறு முடிவுற்றது.

இலக்கண மரபில் பால் அறிவிப்பு

பிறர் கண்ணால் பாலைத் துணிதல் ஒன்றே வழியன்று என்பதற்குத் தமிழ் இலக்கண மரபே சான்று தருகிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணையுள் வைத்துப் பேசுகிறது. அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அப்பெயர் ஏற்கும் என்றும், ஆண்பாற் சொல்லால் அதனை முடித்தல் பொருந்தாது என்றும் அது வரையறுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் இன்னும் ஒருபடி செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்றும் பவணந்தியார் கொள்கிறார். விடுதலும் அவாவுதலும் உள்ளத்தின் தொழில்கள். எனவே பால் முடிவு உறுப்பைச் சாராமல் விழைவைச் சார்ந்து அமைகிறது. விழைவை உடையவரே அதனை முதலில் அறிவார் என்பது சொல்லாமலே பெறப்படும்.

இதனைக் கொண்டு பழந்தமிழ்ச் சமூகம் திருநரை மதித்துப் போற்றியது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அவர்களை அஃறிணை போலக் கொள்ளவும் நன்னூல் இடந்தருகிறது. திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரத்தில் பேடி இகழ்ச்சி உவமையாகவே வருகிறார். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் பேடு என்பது பதினோராடலுள் ஒன்று. அது கூத்து, வாழ்க்கையன்று. ஆயினும் பால் பற்றிய வினாவுக்கு ஒருவருடைய விழைவை விடையாகக் கொள்ளும் சிந்தனை இம்மண்ணிற்கு அயலானது அன்று என்ற அளவில் இலக்கணச் சான்று பயன்படுகிறது. 1919இல் ஐதராபாத் சட்டம் உடலைச் சோதித்துத் துணிய முற்பட்டதையும் 2014இல் உச்ச நீதிமன்றம் உணர்வை ஏற்றதையும் அருகருகே வைத்து நோக்குங்கால், பின்னதே நன்னூலாரின் நெறிக்கு அணுக்கமானது எனலாம்.

செகந்தராபாத்தில் உருவான அளவுகோல்

பதிவேட்டின் வரலாறு இவ்வாறாக, அளவுகோலின் வரலாறு மிகப் பிந்தியது. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக ஆட்டிசம் என்னும் சொல்லைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜின் புளூலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைத்தார். தன்னுள் ஒடுங்குதல் என்பது அவர் கருதிய பொருள். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் எண்மர் சிறுவர், மூவர் சிறுமியர். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். தொடக்கத்திலேயே சிறுவரை மிகுதியாகக் கொண்டு அமைந்த இவ்வகைப்பாடு, ஆட்டிசம் ஆண்களுக்குரியது என்னும் எண்ணத்தைப் பல்லாண்டுகள் நிலைநிறுத்தியது. தமிழில் மதியிறுக்கம் எனவும் புற உலகச் சிந்தனையின்மை எனவும் இது பெயர் பெற்றது. இப்பெயர்கள் புறத்தே நின்று நோக்குவோரின் பெயர்கள் என்பது எண்ணத்தக்கது. இறுக்கமும் இன்மையும் காண்பவருக்குத் தோன்றுவன. உள்ளிருப்பவருக்கோ புற உலகின் ஒலியும் ஒளியும் தொடுகையும் அளவுக்கு மீறி வந்து சேர்கின்றன என்பதே ஆட்டிசம் உடையோர் பலர் எழுதியுள்ள செய்தி.

இந்தியச் சட்டங்களுள் ஆட்டிசம் தாமதமாகவே நுழைந்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வகுத்த ஏழு வகைகளுள் அது இல்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த இருபத்தொரு வகைகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

1984இல் செகந்தராபாத்தில் தோற்றுவிக்கப்பட்ட தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் இத்துறையில் நாட்டிற்கு வழிகாட்டும் அமைப்பாக வளர்ந்தது. பின்னர் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு அதிகாரமளிக்கும் தேசிய நிறுவனம் எனப் பெயர் மாறியது. இந்நிறுவனம் 2009இல் உருவாக்கிய அளவுகோலில் நாற்பது கூறுகள் உள்ளன. சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் தொடர்பாடலும், நடத்தை, புலனுணர்வு, அறிதிறன் என்னும் ஆறு தலைப்புகளில் அவை அடங்கும். ஒவ்வொரு கூறும் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். கூட்டுத்தொகை 70க்குக் கீழிருப்பின் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் மைய அரசு இதனைச் சான்றிதழ் வழங்குதற்குரிய கருவியாக அறிவித்தது.

இக்கருவியால் நாட்டின் பல பகுதிகளிலும் குடும்பங்கள் பயன்பெற்றன. அயல்நாட்டு அளவுகோல்களை விலைகொடுத்துப் பெறவியலாத மருத்துவமனைகளுக்கு அது வழி திறந்தது. ஆயினும் அதன் செயல்முறை இரண்டை நம்பியது: வல்லுநரின் நேர்நோக்கு, பெற்றோரிடம் கேட்டறிதல். குழந்தைக்கு இவை தகும். இருபத்தைந்து வயதில், தாமே ஐயுற்று முதன்முதலாக மருத்துவரை நாடும் ஒருவருக்கு? அவர் குழந்தைப்பருவத்தில் எப்போது பேசினார், எவருடன் விளையாடினார் என்பதைச் சொல்லப் பெற்றோர் வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறிய அல்லது வெளியேற்றப்பட்ட திருநர்க்கு அச்சாட்சி கிடைப்பதில்லை. கிடைத்தாலும், மகளை மகன் என்றே குறிப்பிட்டுப் பேசும் பெற்றோரின் வாய்மொழியாக அது வருகிறது.

இரு வகைப்பாடுகளும் சந்தித்த வரலாறு

திருநர் நிலையும் ஆட்டிசமும் ஐதராபாத்தில் தனித்தனித் தடங்களில் சென்றன. உலக மருத்துவ வரலாற்றிலோ அவை முன்னரே சந்தித்துள்ளன. அச்சந்திப்பின் விளைவுகள் இந்திய மருத்துவமனைகளையும் வந்தடைந்தமையால் அதனை இவண் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சார்ந்த ஜார்ஜ் ரெக்கர்ஸ், ஓல் ஐவார் லோவாஸ் ஆகிய இருவரும், பெண்பிள்ளை போல விளையாடிய ஒரு சிறுவனைப் பரிசும் தண்டனையும் கொண்டு ‘திருத்திய’ முறையை ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். அதே லோவாஸ், அதே பரிசு-தண்டனை முறையை ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் கையாண்டவர். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பத்தொன்பது குழந்தைகளுள் ஒன்பதின்மர் இயல்பான குழந்தைகளிடமிருந்து வேறுபடுத்தவியலாதவாறு ஆயினர் என்று உரைத்தது. இரண்டு ஆய்வுகளிலும் வெற்றியின் அளவு ஒன்றே: பிறர் பார்வைக்கு வேறுபாடு தோன்றாமை. குழந்தை உள்ளே என்ன உணர்ந்தது என்பது அளவிற்குள் வரவில்லை. 1974ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிக் கவலை தெரிவிக்கும் குறிப்பொன்றை அதே ஆய்விதழ் 2020இல் வெளியிட்டது.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஆட்டிசம் தனி வகையாக முதன்முதலில் இடம்பெற்றது. பால் மாறி உணர்தல் கோளாறாக முதன்முதலில் பெயர் பெற்றதும் அதே பதிப்பில்தான். இரண்டும் ஒரே ஏட்டின் வழியாக உலகெங்கும் சென்றன. பின்னர் அவற்றின் பாதைகள் பிரிந்தன. 2019இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, பால் மாறி உணர்தலை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கியது. ஆட்டிசம் நரம்பு வளர்ச்சிக் கோளாறுகளுள் நீடித்தது. இதன்பயனாக இரண்டையும் உடைய ஒருவர், தம் பாலைப் பொறுத்தவரை நோயற்றவராகவும் தம் மனவியல்பைப் பொறுத்தவரை கோளாறு உடையவராகவும் ஒரே ஏட்டில் காட்சியளிக்கிறார். இரண்டாவது காட்சியைக் கொண்டு முதலாவதை ஐயுறுதல் எளிதாகிறது.

இவ்விரண்டும் ஒருசேர அமைதல் அரிதன்று என்பதை ஆய்வுகள் காட்டின. 2010இல் ஆம்ஸ்டர்டாமில், பால் உணர்வு தொடர்பாக மருத்துவமனையை நாடிய 204 சிறார்களை ஆராய்ந்தபோது 7.8 விழுக்காட்டினரிடம் ஆட்டிசம் காணப்பட்டது. 2020இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வருண் வாரியர் குழுவினர் ஐந்து தரவுத் தொகுதிகளில் ஏறத்தாழ 6,40,000 பேரின் செய்திகளை ஆராய்ந்தனர். திருநரிடையே ஆட்டிசம் பிறரிடையே இருப்பதைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு காணப்படுவதாக அறிவித்தனர். தரவின் பெரும்பகுதி பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றையொட்டித் திரட்டப்பட்டது. எனவே அவ்வெண்ணை ஐதராபாத்திற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. திருநருள் மிகப் பெரும்பாலோர் ஆட்டிசம் உடையவர் அல்லர் என்பதும், ஒன்று மற்றொன்றின் காரணம் என்று இவ்வாய்வு கூறவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன. இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே இருக்கக்கூடும் என எதிர்பார்த்து மருத்துவமும் சட்டமும் அமைய வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பயன்.

வாழ்வில் எதிர்ப்படும் இடையூறுகள்

ஐதராபாத் திருநங்கையரின் சமூக அமைப்பைக் காயத்ரி ரெட்டி கள ஆய்வு செய்து 2005இல் நூலாக வெளியிட்டார். குரு-சேலா உறவும், ‘இஸ்ஸத்’ எனப்படும் மதிப்பும் அவ்வாழ்வின் அச்சாணிகள் என்பதை அந்நூல் விரித்துரைக்கிறது. பிறந்த வீடு கைவிட்ட நிலையில் உணவும் உறைவிடமும் உறவும் தருவது இவ்வமைப்பே. 1919ஆம் ஆண்டுச் சட்டம் குலைக்க முயன்றதும் இதனையே.

ஆட்டிசம் உடைய ஒருவர் இவ்வமைப்பினுள் நுழையுங்கால் எதிர்கொள்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆட்டிசம் உடையோர் பலருக்கு ஒலியும் நெரிசலும் உடல் நோவைப்போலத் துன்பம் தருவன. சொல்லாமல் குறிப்பால் உணர்த்தப்படும் சமூக விதிகளைப் படித்தறிதல் கடினமானது. கைதட்டல், வாழ்த்துப்பாடல், திருமண வீட்டுக் கூட்டம், கடைவீதி வசூல் ஆகியன இங்கு வருவாய்க்குரிய வழிகள். எவர் முன் அமரலாம், எவரை எவ்வாறு வணங்கலாம் என்னும் விதிகள் எழுதப்படாதவை. விதி அறியாமை அவமதிப்பாகக் கொள்ளப்படும் இடத்தில் அவர் மதிப்பிழத்தல் எளிது. அவரை ஏற்கக்கூடிய ஒரே புகலிடமும் இவ்வாறு தாங்கற்கரியதாகிறது. திருநம்பியர்க்கோ இத்தகைய மரபுவழி அமைப்பும் இல்லை.

மருத்துவமனையில் வேறொரு இடையூறு. ‘எப்போதிலிருந்து பெண்ணாக உணர்ந்தீர்?’ என்பது திருநரிடம் கேட்கப்படும் இயல்பான வினா. தம் உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்லுதல் ஆட்டிசம் உடையோர் பலருக்கு அரிது. வினாவைச் சொற்பொருளில் கொண்டு நாளும் மாதமும் தேடுபவர் உண்டு. நெடுநேரம் வாய்திறவாதவர் உண்டு. தட்டச்சிட்டுச் சொல்ல விழைபவர் உண்டு. தயக்கம் உறுதியின்மையாகப் படிக்கப்படுகிறது. மறுபுறம், தம் பாலைப் பற்றி ஒருவர் ஆழ்ந்து படித்து விரிவாகப் பேசினால், அது ஆட்டிசத்திற்குரிய ‘ஒருபொருட் பற்று’ எனத் தள்ளப்படுகிறது. பேசாமையும் பேச்சும் ஒருங்கே அவருக்கு எதிரான சான்றுகளாகின்றன. ஆட்டிசம் என்னும் காரணங்காட்டி, பால் தொடர்பான மருத்துவ உதவியை மறுத்தல் தகாது என்று ஜான் ஸ்ட்ராங் முதலான வல்லுநர்கள் 2018இல் வெளியான வழிகாட்டு நெறிகளில் வலியுறுத்தியது இதனாலேயே. இந்தியாவில், பால் உணர்வை மாற்ற முயலும் ‘மாற்றுச் சிகிச்சை’ தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற ஒரு வழக்கே அதற்குத் தூண்டுதலாயிற்று.

தம்மைப்போன்றோரே நடத்தும் மருத்துவ இடம் எத்துணைத் தேவையானது என்பதை ஐதராபாத்தின் அண்மை வரலாறு உணர்த்தியது. 2021ஆம் ஆண்டு சனவரியில் நாராயணகூடாவில் ‘மித்ர்’ மருத்துவகம் திறக்கப்பட்டது. திருநரே பெருமளவில் பணியாற்றிய அவ்விடத்தில் மருத்துவ உதவியுடன் மனநல அறிவுரையும் சட்ட உதவியும் கிடைத்தன. அமெரிக்க அரசின் நிதியுதவி நிறுத்தப்பட்டமையால் 2025இன் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அதே ஆண்டில் டாட்டா அறக்கட்டளைகளின் துணையுடன் ‘சப்ரங்’ என்னும் பெயரில் மீண்டும் இயங்கலாயிற்று. பழகிய இடமும் பழகிய முகமும் மாறாதிருத்தலை உயிர்த்தேவையாகக் கொண்ட ஆட்டிசம் உடையோர்க்கு, இத்தகைய இடைநிறுத்தம் பிறரினும் மிகுந்த இழப்பு என்பது தெளிவு.

ஓர் அலுவலர், இரண்டு அதிகாரங்கள்

சட்டத்தில் இவ்விரு நிலைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. அவ்விடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 2019இல் இயற்றப்பட்ட வடிவில், திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் அடையாளச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பை மாவட்ட நடுவரிடம் அளித்தது. 2020ஆம் ஆண்டு விதிகள், விண்ணப்பிப்பவரின் உறுதிமொழி ஆவணத்தை அதற்கு அடிப்படையாக்கின. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமோ, மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவை அமைத்தது. ஆட்டிசம் முதலியன உடையோர்க்குச் சட்டக் காப்பாளரை நியமிப்பது அக்குழுவின் பணி. பெற்றோரோ உறவினரோ அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அவ்வடிவில் முதற்சட்டத்தின் முன் நின்றவர் தம்மைப் பற்றித் தாமே உறுதிமொழி அளிக்கத் தகுதியுடையவராக இருந்தார். இரண்டாவது சட்டத்தின் முன் நிற்பவருக்காக மற்றொருவர் பேச இயலும். இருவரும் ஒருவரேயானால் எச்சட்டம் மேலோங்கும்? ஆட்டிசம் உடையோர் அனைவர்க்கும் காப்பாளர் நியமிக்கப்படுவதில்லை. ஆயினும் நியமிக்கப்படக்கூடும் என்னும் நிலையே குடும்பத்துடன் பால் பற்றி முரண்படும் ஒருவரை அஞ்சச் செய்யப் போதுமானது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பிறர்க்கு நிகரான சட்டத் தகுதியை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கி, கலந்து முடிவெடுக்கும் வரையறைக்குட்பட்ட காப்பாளர் முறையை வகுத்தது. முடிவெடுத்தலில் துணைநிற்றல் என்னும் இக்கருத்தே இரு சட்டங்களுக்கும் பாலமாக அமையத்தக்கது.

தமிழ் எழுத்துகள் காட்டும் வேறுபாடு

தமிழிலக்கிய ஆய்வாளர்க்கு இச்சிக்கல் எழுத்து வகைகளிலேயே புலப்படும். திருநர் வாழ்வு தமிழில் தன்வரலாறாக மலர்ந்தது. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ ஆகியன இதற்குச் சான்று. பின்னதன் தலைப்பில் முதற்சொல் ‘நான்’ என்பதாக அமைந்தமை பொருளுடையது. ஆட்டிசம் பற்றிய தமிழ் நூல்களுள் முன்னோடியாக நிற்பன பெற்றோர் நிலையிலிருந்து எழுந்தவை, யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, ‘துலக்கம்’ ஆகியன குறிப்பிடத்தக்கவை. அவை செய்த தொண்டு பெரிது. எனினும் முன்னதில் ‘நான்’ பேசுகிறது. பின்னதில் ‘என் குழந்தை’ பேசப்படுகிறது.

ஆட்டிசம் உடையோர் தாமே எழுத இயலாதவர் அல்லர். பேச்சு அரிதான நிலையிலும் எழுத்தால் தம்மை வெளிப்படுத்திய இந்தியரான டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயின் முதல் நூல் 2000இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஆட்டிச உரிமை இயக்கத்தின் முன்னோடியாகிய ஜிம் சின்கிளேர், எங்களுக்காகத் துயருற வேண்டா என்னும் கருத்தமைந்த கட்டுரையைப் பெற்றோரை நோக்கி 1993இல் வெளியிட்டார். அவர் ஆண், பெண் என்னும் இரு வகையிலும் தம்மை அடக்கிக்கொள்ளாதவர் என்பதைத் தாமே அறிவித்தவர். ஆட்டிசம் உடையோர் தமக்காகத் தாமே பேசத் தொடங்கிய நாளிலேயே பால் வரையறையைக் கடந்த ஒருவர் முன்னின்றார் என்பது வரலாற்று உண்மை. தமிழில் இவ்விரு ‘நான்’களும் ஒன்றுசேரும் எழுத்து பிறப்பதற்கு, அதனைக் கேட்கும் செவி முன்னதாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஐதராபாத்தின் பசலி 1329 சட்டம் ஒருவரது சொல்லைக் குற்ற ஒப்புதலாக மட்டுமே ஏற்றது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு அச்சட்டத்தை நீக்கியது. செகந்தராபாத்தின் அளவுகோல் நல்ல நோக்கத்துடன் எழுந்ததாயினும், வளர்ந்தவர் தம்மைப் பற்றித் தாமே உரைப்பதற்குப் போதிய இடம் அளிக்கவில்லை. திருநராகவும் ஆட்டிசம் உடையவராகவும் இருப்பவர், முதலாவதன் நீக்கத்தால் பெற்ற உரிமையை இரண்டாவதன் பெயரால் இழக்கும் நிலையில் நிற்கிறார். ஆட்டிசம் உடையவர் தம் பாலை அறியமாட்டார் என்னும் வாதம், காவலரின் பழைய ஐயம் மருத்துவ மொழியில் மீள்வதேயாகும்.

இதற்குத் தீர்வு அளவுகோலைக் கைவிடுதல் அன்று. அதனருகில் ஒருவரது சொந்தச் சொல்லுக்கும் இடமளித்தலே. எழுத்தாலோ தட்டச்சாலோ, போதிய காலம் தந்தோ, தாமே தேர்ந்த துணைவர் உடனிருக்கவோ அச்சொல் வெளிப்பட வழி செய்தல் வேண்டும். பெற்றோரின் சாட்சி கிடைக்காதபோது நண்பரின் சாட்சியையும் குருவின் சாட்சியையும் ஏற்றல் வேண்டும். விழைவைக் கொண்டு பாலைத் துணிந்த நன்னூலார், விழைபவர் எவ்வகை அறிவினர் என்று வினவவில்லை. 1920இல் மூசிக் கரையில் திறக்கப்பட்ட கட்டடத்தில், 2023இல் ஒரு பதிவேட்டிற்கு முடிவு எழுதப்பட்டது. அத்தீர்ப்பு வழங்கிய மதிப்பு, தயங்கிப் பேசுவோரையும் பேசாதோரையும் சென்றடையும்போதே அதன் பயன் நிறைவுறும்.